மலையில் தேங்காய் எண்ணெய்: லாரிக் அமிலத்தைப் புரிந்துகொண்டு சோப்பு வரை செய்ய ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று எங்கே குடியிருந்தாலும் தேங்காய் எண்ணெயோடு ஒரு தகராறு உண்டு. தலைக்கு வைக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. கரண்டிக் காம்பால் குடைவோம், அடுப்பு ஓரத்தில் வைப்போம், அவசரத்தில் தணலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டிலையே உருக்கிவிட்டவர்களும் உண்டு. எண்ணெய் இப்படி உறைவதற்கும், அதே எண்ணெயில் செய்த சோப்பு நுரை பொங்குவதற்கும், துருவி வைத்த தேங்காய் கெட்டுப்போனால் சோப்பைக் கடித்தது போல இருப்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஒரே பொருள்தான்: லாரிக் அமிலம்.

தேங்காய் எண்ணெய்ச் செய்முறைகள் பெரும்பாலும் சமவெளிச் சூட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘அறை வெப்பநிலையில் கலக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். மேட்டுப்பாளையத்தின் அறை வேறு, கோத்தகிரியின் அறை வேறு. மலையில் இந்த எண்ணெயைக் கையாள வேண்டுமென்றால் செய்முறையை மனப்பாடம் செய்தால் போதாது, உள்ளே இருக்கும் அமிலம் எந்தச் சூட்டில் என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் வேதியியலில் தொடங்கி, எண்ணெய் வாங்குவது, தலைக்குத் தேய்ப்பது, சாப்பிடுவது என்று போய், சோப்பில் நிதானமாக நிற்கிறேன்.

லாரிக் அமிலம் என்பது என்ன?

கொழுப்பு அமிலம் என்பது ஒரு கார்பன் சங்கிலி. அதன் ஒரு முனையில் அமிலத் தொகுதி இருக்கிறது, அது தண்ணீரோடு சேரும். மீதி முழுக்க ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன் வால், அது எண்ணெயோடும் அழுக்கோடும்தான் சேரும். லாரிக் அமிலத்தில் 12 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். வேதியியல் பெயர் டோடெகனாயிக் அமிலம். வாலில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது, ஆகவே நிறைவுற்ற கொழுப்பு வகை. தூய நிலையில் வெள்ளைச் செதில்களாக இருக்கும், ஏறக்குறைய 44 டிகிரி செல்சியஸில் உருகும். உருகுநிலை இப்படிக் கைக்கு எட்டும் சூட்டில் இருப்பதால், கரைபொருள் சேர்ந்தால் உறைநிலை எப்படித் தாழ்கிறது என்று காட்டும் கல்லூரிச் சோதனைகளில் இதைப் பயன்படுத்துவார்கள்.

பொதுவாக 6 முதல் 12 கார்பன் வரை உள்ளவற்றை நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்கிறோம். 8 கார்பன் உள்ள காப்ரிலிக் அமிலம் 16, 17 டிகிரியிலேயே உருகும். 10 கார்பன் உள்ள காப்ரிக் அமிலத்துக்கு 31, 32 டிகிரி வேண்டும். லாரிக் அமிலம் இந்த வரிசையின் கடைசியில், எல்லைக்கோட்டில் நிற்கிறது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள். உணவைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் 45 முதல் 53 சதவீதம் வரை இருக்கும். அதற்கு அடுத்தது 14 கார்பன் உள்ள மிரிஸ்டிக் அமிலம், 17 முதல் 21 சதவீதம். காப்ரிலிக், காப்ரிக் இரண்டும் சேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல். ஒலீயிக் போன்ற நிறைவுறாத அமிலங்கள் மிகக் குறைவு.

நல்ல எண்ணெயில் இந்த அமிலங்கள் தனியாக அலைவதில்லை. மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு கிளிசரால் மூலக்கூறில் பிணைந்திருக்கும். அதைத்தான் ட்ரைகிளிசரைடு என்கிறார்கள். பிணைப்பு விட்டு அமிலம் வெளியே வந்தால் எண்ணெயின் குணமே மாறிவிடும். சோப்பு செய்யும்போது நாமே அந்தப் பிணைப்பை உடைக்கிறோம். ஈரம் பட்ட கொப்பரையில் பூஞ்சை உடைக்கிறது. கெட்ட தேங்காயின் சோப்புச் சுவை, அப்படி விடுபட்ட லாரிக் அமிலத்தின் சுவை.

24 டிகிரி: மலையில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் எண்

தூய லாரிக் அமிலம் 44 டிகிரியில் உருகினாலும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடுகிறது. 8, 10, 12, 14, 16, 18 கார்பன் என்று வெவ்வேறு நீள வால்கள் கலந்து கிடப்பதால் அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. கடலை எண்ணெயில் ஒலீயிக் அமிலம் நிறைய. அதன் வால் நடுவில் வளைந்திருக்கும், அடுக்கவே வராது. அதனால்தான் அது குளிரிலும் ஓடுகிறது.

மேட்டுப்பாளையத்தில் இந்த 24-ஐத் தாண்டாத பகல் அபூர்வம். ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், கோடையிலும்கூட அந்த எண்ணைத் தாண்டும் பொழுது குறைவு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். ஏப்ரல் மதியத்தில் எண்ணெய் தெளியும், மழை பெய்த மாலையில் அடியில் வெள்ளை படியும், டிசம்பரில் கல்லாகும். ஒருமுறை உறைந்து உருகுவதால் எண்ணெய் கெடுவதில்லை. அது வெறும் இயற்பியல் மாற்றம், எத்தனை முறை நடந்தாலும் அமிலங்கள் அப்படியேதான் இருக்கும். கெடுக்கிறவை ஈரமும் அதிகச் சூடும். ஆகவே உருக்குவதற்கு வெந்நீர் போதும். பாட்டிலை இறுக மூடி, கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம். குறுகிய வாய்ப் பாட்டிலை விட்டுவிட்டு அகன்ற வாய் கண்ணாடி ஜாடிக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

எண்ணெய் வாங்கும்போது

மலையில் தென்னை இல்லை. நமக்கு எண்ணெய் பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்திலிருந்து மேலே வருகிறது. செக்கு எண்ணெயா, சுத்திகரித்ததா என்பது மணத்தையும் விலையையும் மாற்றும், லாரிக் அமிலத்தின் அளவைப் பெரிதாக மாற்றாது. சோப்புக்கு வாசனை மிகுந்த செக்கு எண்ணெய் தேவையில்லை. சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா பட்டதும் அந்த மணத்தில் பெரும்பகுதி போய்விடும். சமையலுக்கும் தலைக்கும் செக்கு எண்ணெய், சோப்புக்குச் சுத்திகரித்தது என்று பிரித்துக்கொள்வதுதான் என் பழக்கம்.

‘குளிரில் உறைந்தால் சுத்தம்’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி சரி. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறையும், கலந்த வேறு எண்ணெய் தனி அடுக்காக நிற்கும் என்ற சோதனையை உணவுப் பாதுகாப்புத் தர ஆணையமே சொல்கிறது. கடலை எண்ணெய் மாதிரி குளிரில் ஓடும் எண்ணெயைக் கலந்திருந்தால் இதில் தெரியும். ஆனால் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பு எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். அதுவும் உறையும், அதே வெள்ளையாகத்தான் உறையும். அதை ஆய்வகத்தில் அயோடின் எண் (நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) பார்த்தே பிரிக்க முடியும். தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரை, பனம்பருப்பு எண்ணெய்க்கு 14 முதல் 21 வரை. வீட்டில் இதைச் செய்ய வழியில்லை என்பதால் தெரிந்த செக்கில் வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்தது. முகர்ந்து பாருங்கள். காறல் வாடை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள்.

தலைக்கும் தோலுக்கும்

2003இல் மும்பையில் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் ஒப்பிட்டார்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தெளிவாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். லாரிக் அமிலத்தின் நேரான, குட்டையான வால் முடித்தண்டுக்குள் புகுந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். இருந்தாலும் சொல்லப்பட்ட காரணம் வேதியியலோடு பொருந்துகிறது. குளிக்கும் முன் தேய்த்து, ஊறவிட்டு, அப்புறம் அலசும் நம் பழக்கம் இதனோடு ஒத்துப்போகிறது.

குளிர்காலத்துக்கு ஒரு சின்ன மாற்றம். நாலு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு நல்லெண்ணெய் கலந்து வைத்தால் கட்டி இளகி, விரலால் எடுக்கும் பதத்தில் இருக்கும். தலையில் வைத்ததும் உடம்புச் சூட்டில் உருகிவிடும். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவாமல் இருப்பது நல்லது. ஆய்வகத்தில் லாரிக் அமிலம் பருவை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் பாட்டிலில் இருக்கிற எண்ணெயில் அந்த அமிலம் கட்டுண்டு கிடக்கிறது, தனி அமிலத்தின் வேலையை அது செய்யாது. எண்ணெய் துளைகளை அடைப்பதற்கும் வாய்ப்புண்டு.

சாப்பாட்டில்: ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

‘நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு உடனே எரிந்துவிடும், உடம்பில் சேராது, தேங்காய் எண்ணெயில் அது 60 சதவீதம்’ என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இந்தப் பெருமை உண்மையில் 8, 10 கார்பன் அமிலங்களுக்கு உரியது. அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்கும், வலிப்பு நோய்க்கான கீட்டோஜெனிக் உணவிலும் மருத்துவர்கள் கொடுக்கும் எம்சிடி (நடுத்தரச் சங்கிலி ட்ரைகிளிசரைடு) எண்ணெய் இந்த இரண்டால் ஆனது. லாரிக் அமிலமோ, பெரும்பகுதி நீண்ட சங்கிலி அமிலங்கள் போகிற நிணநீர் வழியில்தான் போகிறது. எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மேலே சொன்னது இதனால்தான். எண்ணிக்கையில் நடுத்தரம், உடம்புக்குள் நடப்பதில் நீண்ட சங்கிலியின் பக்கம்.

தேங்காய் எண்ணெய், நிறைவுறாத தாவர எண்ணெய்களைவிட, கெட்டது எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் என்று வந்தது. நல்லது எனப்படும் எச்டிஎல்லும் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அதை வைத்து முன்னதைக் கழித்துவிட முடியாது. தாளிக்கவும் அவியலுக்கும் ஊற்றுகிற அளவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. காலையில் வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. இதய நோயோ உயர் கொலஸ்ட்ராலோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷாம்பு, பேஸ்ட் அட்டைகளில் வரும் சோடியம் லாரில் சல்பேட் பற்றியும் ஒரு வார்த்தை. லாரிக் எண்ணெய்களிலிருந்து லாரில் ஆல்கஹால் எடுத்து அதிலிருந்து செய்வது அது. சோப்பைவிடக் கடுமையாக எண்ணெயை நீக்கும், வேறு வேதிப்பொருள். இனி சோப்புக்குப் போகலாம்.

சோப்பு: முதலில் கணக்கு

எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா சேர்ந்தால் கிளிசரால் தனியாகும், அமிலங்கள் சோடியம் உப்பாகும். சோடியம் லாரேட் என்ற அந்த உப்புதான் தேங்காய் சோப்பின் உயிர். வால் குட்டை என்பதால் தண்ணீரில் சட்டென்று கரையும், பெரிய நுரை வரும், கடல் நீரில்கூட நுரைக்கும். அதே குணத்தால் தோலின் எண்ணெயையும் வழித்தெடுத்துவிடும். கீழே கோயம்புத்தூர்ப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு இந்த வேகம் தேவைப்படலாம். நம் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, பனிக்காலக் காற்று வறண்டது. இங்கே அந்த வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. சங்கிலி குட்டையாக இருந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் எடை குறைவு. அப்போது ஒரே எடை எண்ணெயில் மூலக்கூறுகள் அதிகம், அதற்கேற்ப காஸ்டிக்கும் அதிகம். ஒரு எண்ணெயின் செய்முறையில் இன்னொரு எண்ணெயை மாற்றி ஊற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கடலை எண்ணெய்க்குப் போட்ட கணக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் மிஞ்சும். தலைகீழாகச் செய்தால் காஸ்டிக் மிஞ்சும், கை வெந்துவிடும்.

கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி, தேவையான காஸ்டிக்கை முழுதாகப் போடாமல் குறைத்துப் போடுவதை சூப்பர்ஃபேட் என்பார்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் 20 சதவீதம் குறைப்பேன்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம். முழுத் தேவை 91.5 கிராம். 20 சதவீதம் குறைத்தால் காஸ்டிக் சோடா 73 கிராம். தண்ணீர் 150 கிராம். இதில் சுமார் 55 கிராம் கிளிசரால் உருவாகி சோப்புக்குள்ளேயே தங்கும்.

இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய் 300, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 கிராம். 54.9, 20.4, 6.4 கூட்டினால் 81.7, அதில் 8 சதவீதம் குறைத்தால் 75 கிராம் காஸ்டிக். குளிர்காலத்தில் வீட்டுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். கடலை எண்ணெய் நிறைவுறாதது என்பதால் சில மாதங்களில் ஆரஞ்சுப் புள்ளி விழலாம், அதனால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். முழுத் தேங்காய் சோப்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது.

பொருளும் பாதுகாப்பும்

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, தெர்மாமீட்டர், எவர்சில்வர் பாத்திரம் இரண்டு, ஹேண்ட் பிளெண்டர், சிலிக்கான் அச்சு அல்லது பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டி. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், வினிகரைத் தேடி ஓடாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஆளைக் கூப்பிடுங்கள்.

காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தை இழுக்கும். மேகமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில் திறந்த டப்பா அரைநாளில் பிசுபிசுக்கும். அப்படியான செதிலில் 73 கிராம் எடுத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீர், கணக்கு தவறும். சின்னப் பொட்டலமாக வாங்கி, இறுக மூடி, செய்கிற அன்று திறவுங்கள். குளிருக்காகச் சன்னலை மூடும் பழக்கத்தையும் அன்று விட்டுவிடுங்கள். கரைக்கும்போது எழும் ஆவி மூச்சுக்கு ஆகாது.

செய்முறை

படி 1. 150 கிராம் குளிர்ந்த தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கிளறுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடு 80 டிகிரியைத் தாண்டும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆரம்பித்தால் பொங்கித் தெறிக்கும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரே நமக்கு வசதி.

படி 2. எண்ணெயை உருக்கி 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். காஸ்டிக் கரைசலும் 40, 45-க்கு இறங்கட்டும். கீழே 30 டிகிரியில் கலப்பவர்கள் உண்டு, அங்கே அது சரியாக வரும். இங்கே கூடாது, காரணம் அடுத்த படியில்.

படி 3. கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி, பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். பாத்திரத்தின் அடியில் மடித்த துண்டு போடுங்கள். கடப்பா மேடை பத்தே நிமிடத்தில் சூட்டை உறிஞ்சிவிடும். கலவை கெட்டியாகி, மேலே ஊற்றிய கோடு கலையாமல் நின்றால் அதை ட்ரேஸ் என்பார்கள்.

மலையில் ஏமாற்றும் இடம் இதுதான். கலவை 28, 27 என்று இறங்கும்போது, இன்னும் சோப்பாகாத எண்ணெய் உறையத் தொடங்கும். பார்வைக்கு அப்படியே ட்ரேஸ் மாதிரி இருக்கும், அதே கெட்டி, அதே வெள்ளை. அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் அடியில் காஸ்டிக் தண்ணீரும் மேலே கொழுப்புக் கட்டியுமாகப் பிரியும். உண்மையான ட்ரேஸ் பளபளப்பாக, வழவழப்பாக இருக்கும். போலி மங்கலாக, உற்றுப் பார்த்தால் ரவை மாதிரிப் பொடிமணியாக இருக்கும். சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். 30-க்குக் கீழே என்றால் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கிக் கிளறுங்கள். கெட்டி கரைந்து மறுபடி எண்ணெயாக ஓடினால் அது வெறும் உறைதல், 40-க்கு ஏற்றி மறுபடி பிளெண்டர் ஓட்ட வேண்டும். சூடேறியும் கெட்டி நின்றால் ட்ரேஸ்தான்.

படி 4. மணம் வேண்டுமானால் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். நீலகிரித் தைலம் 500 கிராம் எண்ணெய்க்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் தைலமே வேண்டாம். தேயிலைக் கஷாயத்தில் காஸ்டிக் கரைப்பவர்களும் உண்டு. நிறம் பழுப்பாக வரும், அவ்வளவுதான்.

படி 5. அச்சை முன்பே வெதுவெதுப்பாக்கி வைத்து ஊற்றுங்கள். மேலே அட்டை மூடி, கம்பளியால் சுற்றுங்கள். வினையின் சூட்டிலேயே நடுப்பகுதி கண்ணாடி போலத் தெளிந்து, அது ஓரத்துக்குப் பரவும். கம்பளி இல்லையென்றால் நடு ஒரு நிறம், ஓரம் ஒரு நிறம் என்று நிற்கும். காற்றுப் பட்ட மேல்பரப்பில் வெள்ளைப் பொடி படிந்தால் அது சோடியம் கார்பனேட், தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

படி 6. முழுத் தேங்காய் சோப்பை மறுநாள் வரை விடக் கூடாது. 6 முதல் 10 மணி நேரத்துக்குள், தொட்டால் உறுதியாகவும் உள்ளே லேசான சூடும் இருக்கும்போது வெட்டிவிடுங்கள். ஆறிப்போனால் கத்தி இறங்காது, ஓரம் ஓரமாக நொறுங்கும். கலவை எண்ணெய் சோப்புக்கு ஒரு முழு நாள் பொறுக்கலாம்.

படி 7. காயவைப்பது. புத்தகத்தில் 4 முதல் 6 வாரம் என்று இருக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் செய்த சோப்பு 8 வாரம்கூட எடுக்கும். நாளை எண்ணாமல் எடையைப் பாருங்கள். ஒரு கட்டியைத் தனியே குறித்து வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். எடை குறைவது நின்றால் சோப்பு தயார். அடுப்படியில் சூடு எட்டும் உயரத்தில் மரத்தட்டில் இடைவெளி விட்டு அடுக்குவது நல்லது. மழை நாளில் சோப்பின் மேல் முத்து முத்தாக நீர் கோத்தால் பயப்பட வேண்டாம், கிளிசரால் காற்றின் ஈரத்தை இழுக்கிறது.

பயன்படுத்தும் முன் சோப்பை ஈரமாக்கி, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாள் ஒட்டிப் பாருங்கள். 9 அல்லது 10 இருக்க வேண்டும். 12 காட்டினால் குளிக்க உதவாது. விற்பதாக இருந்தால் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்பவர்கள் அச்சு வாங்கும் முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடைந்த சோப்பிலிருந்து அமிலத்தைத் திரும்ப எடுப்பது

வெட்டும்போது உதிர்ந்த துண்டுகளை எறிய வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அவசியம் செய்து காட்டுங்கள். காய்ந்த சோப்புத் துருவல் 20 கிராம் எடுத்து 200 மில்லி வெந்நீரில் முழுதாகக் கரையுங்கள். கலங்கிய, வழுவழுப்பான கரைசல் கிடைக்கும். அதில் சாதாரண வெள்ளை வினிகர் 120 மில்லி ஊற்றிக் கிளறுங்கள். ஊற்றிய இடத்திலேயே பால் போல வெளுக்கும், நுரை அடங்கிவிடும். வினிகரின் அமிலம் சோடியத்தைப் பிடித்துக்கொள்ள, கொழுப்பு அமிலங்கள் தனியாகின்றன. தண்ணீரில் கரையாத அவை துளித்துளியாக மேலே ஏறும். டம்ளரை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் துளிகள் ஒன்றுசேர்ந்து மஞ்சள் சாயலுள்ள எண்ணெய் அடுக்காகும். அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள். 18 டிகிரி அறையில் கொஞ்ச நேரத்தில் அந்த அடுக்கு வெள்ளை வட்டாக இறுகும், ஓரத்தைத் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். இதையே மேட்டுப்பாளையத்தில் செய்தால் பெரும்பாலும் எண்ணெயாகவே மிதந்துகொண்டிருக்கும்.

இந்த வட்டில் பெரும்பங்கு லாரிக் அமிலம், மீதி மற்ற அமிலங்களும் சூப்பர்ஃபேட்டாக விட்ட எண்ணெயும். எண்ணெய்க்கும் அமிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் சூடான வாஷிங் சோடாக் கரைசல் எடுங்கள். ஒன்றில் வட்டிலிருந்து ஒரு துண்டு, இன்னொன்றில் அதே அளவு தேங்காய் எண்ணெய். அமிலம் விழுந்த பாட்டிலில் வாயு குமிழ் விடலாம், அதனால் மூடியை உடனே போடாதீர்கள். குமிழ் அடங்கிய பின் மூடிக் குலுக்கினால் அதில் நுரை நிற்கும், எண்ணெய் விட்டதில் நிற்காது. சலவைச் சோடாவுக்குத் தனி அமிலத்தைச் சோப்பாக்கும் வலு உண்டு. கிளிசராலோடு பிணைந்த எண்ணெயை இவ்வளவு சுலபமாக அதனால் உடைக்க முடியாது, அதற்குக் காஸ்டிக் வேண்டும். வட்டில் மிச்சம் இருப்பதைத் தோலில் தடவாதீர்கள், தனி அமிலம் எரிச்சல் தரும். சோடாவில் கரைத்துச் சோப்பாக்கி, தரை துடைக்கும் வாளியில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஓடைப் பக்கம் மட்டும் கொட்ட வேண்டாம்.